திறனுரையும் தெளிவின்மையும்

கணிப்பொறி விளையாட்டைப் பற்றித் தமிழ்த்துறையின் மலரில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று பேராசிரியப் பெருமக்கள் சிலர் வினவக்கூடும். விளையாட்டின் வெற்றி தோல்விகளைப் பேசுவது இங்கு நோக்கமன்று. விளையாட்டினுள் எழுதப்பட்டிருக்கும் உரைநடையைப் பற்றியே சில கருத்துகளை முன்வைக்க விழைகிறேன். பாடநூலை ஒருமுறை புரட்டிவிட்டு மூடி வைக்கும் இளைஞர், விளையாட்டுப் பாத்திரம் ஒன்றின் திறனைக் கூறும் நான்கு வரிகளைப் பத்து முறை படிக்கின்றனர். அவ்வரிகளிலுள்ள ஒரு சொல்லின் பொருளுக்காக நண்பரோடு நள்ளிரவு வரை வழக்காடுகின்றனர். இத்துணை ஊன்றிப் படிக்கப்படும் உரைநடை எவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது என்று ஆராய்வது மொழி பயில்வோர்க்குப் புறம்பான செயல் ஆகாது.

இவ்விளையாட்டுகளில் ஆடுபவர் ஒரு பாத்திரத்தை ஏற்று ஆடுகிறார். வீரன், மந்திரவாதி, வில்லாளி எனப் பாத்திரங்கள் பல. ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் திறன்கள் உண்டு. அத்திறன் யாரைத் தாக்கும், எவ்வளவு தாக்கும், எத்தனை வினாடி நீடிக்கும், மீண்டும் எப்போது பயன்படும் என்பவற்றைத் திரையில் தோன்றும் சிறு குறிப்பு அறிவிக்க வேண்டும். அக்குறிப்பை இக்கட்டுரையில் திறனுரை என வழங்குவோம். பார்வைக்கு எளிதாகத் தோன்றும் இவ்வுரையைத் தெளிவாக எழுதும் கலை, நாற்பது ஆண்டுகளைக் கடந்த இத்துறைக்கு இன்னும் முழுமையாகக் கைவரவில்லை என்பதே என் கருத்து.

ஒரு நூலில் வரக்கூடாத குற்றங்கள் பத்து எனப் பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் வகுத்துரைத்தார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மாறுகொளக் கூறல், மயங்க வைத்தல், மற்றொன்று விரித்தல் முதலியன அவை. இலக்கண நூலுக்கென வகுக்கப்பட்ட இவ்வளவுகோலைக் கொண்டு திறனுரையை அளப்பது மிகை என்று தோன்றலாம். ஆனால் இலக்கண நூற்பாவும் திறனுரையும் ஓரினத்தைச் சேர்ந்தவை. இரண்டும் விதி கூறுவன. இரண்டும் சுருங்கச் சொல்ல வேண்டியன. இரண்டையும் படிப்பவர் படித்த உடனே அவ்விதியைக் கைக்கொண்டு செயற்பட வேண்டியவர். கதையில் ஒரு வரி விளங்காவிட்டால் அடுத்த வரிக்குச் சென்றுவிடலாம். விதி விளங்காவிட்டால் வினையே பிழைபடும்.

தொடக்கக் காலத்துக் குற்றம் குன்றக் கூறலே. அதற்குக் காரணமும் இருந்தது. 1987இல் ஜப்பானில் ஸ்கொயர் நிறுவனம் வெளியிட்ட ‘ஃபைனல் ஃபேண்டஸி’ 1990இல் அமெரிக்காவுக்கு ஆங்கிலத்தில் வந்தது. விளையாட்டு முழுவதையும் அடக்கிய பேழையில் நினைவகம் மிகக் குறைவு. எனவே மந்திரத்தின் பெயர் நான்கு எழுத்துக்குள் அடங்க வேண்டியதாயிற்று. ஆங்கிலத்தில் உயிரெழுத்துகளை உதிர்த்துவிட்டு ‘டெம்பர்’ என்பதை நான்கு மெய்யெழுத்துகளால் எழுதினார்கள். மந்திரத்தின் பயன் யாது என்பது திரையில் இல்லை. பெட்டியோடு வந்த கையேட்டில் இருந்தது. பழைய பேழையைக் கைமாற்றாக வாங்கிய சிறுவனுக்குக் கையேடு கிட்டாதாயின், பெயரைப் பார்த்துப் பொருளை ஊகிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கையேடு வைத்திருந்தவனும் தப்பவில்லை. தோழனுடைய தாக்கு வலிமையை உயர்த்தும் என்று கருதப்பட்ட அந்த ‘டெம்பர்’ மந்திரம், நிரற்பிழையால் எதையுமே செய்யவில்லை. தன் வலிமையை உயர்த்த வேண்டிய ‘சேபர்’ மந்திரமும் அவ்வாறே. பகைவன் தப்பும் ஆற்றலைக் குறைக்க வேண்டிய ‘லாக்’ மந்திரத்தின் இரண்டாம் படி, அவ்வாற்றலைக் கூட்டியது. மந்திரவாதியின் அறிவுத்திறன் என்று ஓர் எண் திரையில் காட்டப்பட்டது; அவ்வெண் கூடுவதால் மந்திரத்தின் வலிமை ஒரு சிறிதும் கூடவில்லை. ஆண்டுகள் பல கடந்த பின்னரே, ஆர்வலர்கள் பேழையினுள் இருந்த நிரலைப் பிரித்துப் பார்த்து இவற்றை உறுதிசெய்தனர்.

அதே வரிசையில் 1994இல் வந்த ஆறாம் பகுதியில் நிலைமை இன்னும் விந்தையானது. பாத்திரத்தின் பண்புப் பட்டியலில், பகைவன் அடியிலிருந்து விலகும் விழுக்காடு ஒன்று, மந்திரத்தைத் தடுக்கும் விழுக்காடு ஒன்று என இரண்டு எண்கள் காட்டப்பட்டன. உண்மையில் முதல் எண்ணை விளையாட்டு எங்குமே பயன்படுத்தவில்லை. அடியானாலும் மந்திரமானாலும் இரண்டாம் எண்ணையே பார்த்தது. முதல் எண்ணை உயர்த்தும் கேடயத்தைத் தேடிப் பிடித்து அணிந்தவர்கள் வீண் சுமையைச் சுமந்தனர். கண் குருடாகும் நோய் ஒன்றும் அவ்விளையாட்டில் உண்டு. அதனால் குறி தவறுவதில்லை. அந்நோயைத் தடுக்கும் கண்ணாடி மட்டும் கடையில் விற்கப்பட்டது! விலகும் எண்ணைப் பற்றிய பிழை 2006இல் கேம்பாய் அட்வான்ஸ் கருவிக்கென வந்த பதிப்பில் களையப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு சொல் பொருளின்றித் திரையில் நின்றிருக்கிறது.

1996இல் ஜப்பானில் பிறந்த ‘போக்கிமான்’ முதற்பகுதியில் திறனுரை என்பதே இல்லை. திறனின் பெயர், இனம், எத்தனை முறை பயன்படுத்தலாம் என்னும் எண்ணிக்கை ஆகிய மூன்றே திரையில் தெரிந்தன. ‘ஃபோகஸ் எனர்ஜி’ என்ற திறனைப் பயன்படுத்தினால் உயிரிக்கு ஊக்கம் மிகுந்துவிட்டது என்னும் பொருள்பட ஒரு வரி தோன்றும். பேரடி விழும் வாய்ப்பு நான்கு மடங்காக வேண்டும் என்பது வகுத்தவரின் எண்ணம். நிரலில் நேர்ந்த பிழையால் அது நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. ஊக்கம் பெற்ற உயிரி ஊக்கமற்றதைவிடத் தாழ்ந்து போயிற்று. 1999இல் வந்த அடுத்த பகுதியில்தான் திறன் ஒவ்வொன்றுக்கும் வலிமையெண்ணும் சிறு விளக்கமும் சேர்க்கப்பட்டன.

இவையெல்லாம் நிரலின் பிழைகள். எழுத்தின் பிழைகள் அல்லவே என்று ஒருவர் மறுக்கலாம். அம்மறுப்பில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும், திறனுரை குன்றக் கூறாமல் இருந்திருந்தால் நிரலின் பிழை இத்துணைக் காலம் மறைந்திருக்க இயலாது. வாய்ப்பு நான்கு மடங்காகும் என்று எழுதப்பட்டிருந்தால், ஆடுபவர் எண்ணிப் பார்த்து ஒரே மாலையில் பிழையைக் கண்டிருப்பார். ஊக்கம் மிகுந்தது என்று மட்டும் எழுதினால் எதை எண்ணுவது? தெளிவற்ற உரை பிழைக்குப் போர்வையாகிவிடுகிறது.

இன்று நினைவகத்துக்குப் பஞ்சமில்லை. திரையில் எத்தனை வரியும் எழுதலாம். அதனால் குன்றக் கூறல் போயிற்று. மிகைபடக் கூறலும் மற்றொன்று விரித்தலும் வந்து அமர்ந்தன. சீனத்து ஷாங்காய் நகரைச் சேர்ந்த மிஹோயோ நிறுவனம் 2020 செப்டம்பரில் வெளியிட்ட ‘கென்ஷின் இம்பாக்ட்’ இதற்கு நல்ல சான்று. ஒரு திறனுக்குப் பல பத்திகள். இடையிடையே அத்திறனுக்கே உரிய புதுப்பெயர்கள். அப்பெயர்களுக்கு விளக்கம் வேறோரிடத்தில். இறுதியில் பாத்திரத்தின் கதையிலிருந்து அழகான ஒரு வரி. இவ்வளவுக்குப் பின்னும், வேண்டிய ஒன்று மட்டும் விடுபட்டுப் போவதுண்டு.

2021 செப்டம்பரில் அவ்விளையாட்டில் ரெய்டன் ஷோகன் என்னும் பாத்திரம் அறிமுகமாயிற்று. மின்னலுக்குரியவர் அவர். முன்பே இருந்த பெய்டோ என்னும் பாத்திரமும் மின்னலுக்கு உரியவரே. பெய்டோவின் பெருந்திறன் இது: இயல்பான வாள்வீச்சுப் பகைவர்மேல் படும்போது கூடவே மின்னல் பாயும். ரெய்டனோ தம் பெருந்திறனை ஏவியபின் வாளெடுத்து விரைந்து வீசுகிறார். ஆகவே இருவரையும் ஓரணியில் சேர்த்தால் மின்னல் மழை பொழியும் என்று எதிர்பார்த்துப் பலர் பெய்டோவை வளர்த்து வைத்தனர். ரெய்டன் வந்தார், வாளை வீசினார், வீச்சு பட்டது, மின்னல் பாயவில்லை.

காரணம் ரெய்டனின் திறனுரையில் ஒரு தொடரில் இருந்தது. அந்நிலையில் அவர் விளைக்கும் சேதம் இயல்புத் தாக்கின் சேதமாகக் கொள்ளப்படாது. பெருந்திறனின் சேதமாகவே கொள்ளப்படும் என்பது அதன் கருத்து. பெய்டோவின் மின்னலோ இயல்புத் தாக்கின் சேதத்தைக் கண்டால்தான் பாயும். இந்த இரண்டாம் செய்தி பெய்டோவின் திறனுரையில் சொல்லப்படவில்லை. தாக்கு ‘பட்டால்’ என்று மட்டும் இருந்தது. இதனினும் வியப்பு, சிங்சியூ என்னும் மூன்றாம் பாத்திரத்தின் நீர்வாள்கள் ரெய்டனின் வீச்சுக்கு இசைந்து பொழிந்தன. ஏனெனில் அவருடைய திறன் தாக்கின் சேதத்தைப் பார்ப்பதில்லை. தாக்குதல் நிகழ்கிறதா என்பதை மட்டுமே பார்க்கிறது. அவர் திறனுரையில் இயல்புத் தாக்கைப் ‘பயன்படுத்தினால்’ என்று எழுதியிருந்தார்கள்.

ஈண்டு நிகழ்ந்தது என்ன என்பதை இலக்கணம் பயின்றோர் உடனே உணர்வர். இயல்புத் தாக்கு என்ற ஒரே சொல், ஓரிடத்தில் வினையைக் குறிக்கிறது. மற்றோரிடத்தில் அவ்வினையால் விளைந்த பயனின் வகையைக் குறிக்கிறது. இரண்டுக்கும் ஒரே பெயரைச் சூட்டிவிட்டு, ‘படுதல்’, ‘பயன்படுத்தல்’ என்னும் இரு வினைச்சொற்களின் வேறுபாட்டிலிருந்து படிப்பவரே உய்த்துணர வேண்டும் என்று விட்டுவிடுவது மயங்க வைத்தல் என்னும் குற்றத்துக்கு மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு. எழுதியவர் விதியை அறிவார். விதியை அறிந்தவருக்கு அத்தொடர் தெளிவாகவே தோன்றியிருக்கும். அறியாதவர் கண்கொண்டு தம் எழுத்தைப் படித்துப் பாராததே குறை.

இது பொழுதுபோக்கில் ஒரு சிறு ஏமாற்றம் என்று தள்ளிவிட இயலாதபடி பணம் குறுக்கே நிற்கிறது. கென்ஷின் இம்பாக்ட்டைப் பெறுவதற்குக் கட்டணமில்லை. பாத்திரங்களைப் பெறுவதுதான் குலுக்கல். ஒருமுறை குலுக்க 160 மணிக்கற்கள் வேண்டும். 2021இல் இருந்த விதிப்படி, நற்பேறு முற்றிலும் கைவிட்டவர் விரும்பிய ஐந்து விண்மீன் பாத்திரத்தை உறுதியாகப் பெற 180 குலுக்கல்கள் வரை செல்ல நேரும். அதாவது 28,800 கற்கள். பல வாரங்கள் ஆடிச் சேர்க்கலாம்; அல்லது பணம் கொடுத்து வாங்கலாம். வாங்கியபின் திருப்பித் தரும் வழக்கம் இல்லை. இந்நிலையில் திறனுரை என்பது விளையாட்டின் அலங்காரம் அன்று. விற்கப்படும் பொருளின் விவரச்சீட்டு. மருந்துப் புட்டியில் ஒட்டிய தாளில் அளவு தெளிவின்றி இருந்தால் நாம் பொறுத்துக்கொள்வோமா? உயிர் போகும் காரியத்தோடு இதை ஒப்பிடுவது பொருந்தாதுதான். ஆனால் விற்பவரின் கடமை என்ற அளவில் இரண்டும் ஒன்றே.

விவரச்சீட்டு மௌனமாக இருந்தால் எது வரை செல்லலாம் என்பதற்குத் தென்கொரியாவின் ‘மேப்பிள்ஸ்டோரி’ விளையாட்டு சான்றாகிறது. கருவிகளுக்குச் சிறப்பாற்றல் தரும் ‘கனசதுரம்’ என்னும் பொருளை நெக்சான் நிறுவனம் 2010 முதல் விற்றது. எந்த ஆற்றல் வாய்க்கும் என்பது குலுக்கலைப் பொறுத்தது. ஆடுவோர் மிகவும் விரும்பிய ஆற்றல்கள் வாய்க்கும் விகிதத்தை நிறுவனம் பின்னர்ச் சொல்லாமலே குறைத்தது; சில சேர்க்கைகள் வாய்க்கவே வாய்க்காதபடி 2011 முதல் 2021 வரை அடைத்தும் வைத்திருந்தது. அந்நாட்டின் வணிக நேர்மை ஆணையம் 2024 ஜனவரியில் ஏறத்தாழ 1,160 கோடி வான் தண்டம் விதித்தது. அவ்வாண்டு மார்ச்சு முதல் இத்தகைய விகிதங்களை வெளியிடுவது அங்குச் சட்டப்படி கட்டாயமாயிற்று. விகிதத்தைச் சொல்லச் சட்டம் வந்துவிட்டது. வாய்த்த பொருள் என்ன செய்யும் என்பதைத் தெளிவாகச் சொல்லச் சட்டம் வரவில்லை. வர வேண்டும் என்று நான் வாதிடவில்லை. வராமலே செய்யக்கூடிய நாணயம் நிறுவனங்களுக்கு இருக்க வேண்டும் என்கிறேன்.

எண்ணைப் போட்டுவிட்டால் தெளிவு வந்துவிடும் என்று நம்புவோர் உளர். எண்ணும் மயக்கும். சேதம் 50 விழுக்காடு கூடும் என்று இரு திறன்களில் இருப்பதாகக் கொள்வோம். அடிப்படைச் சேதம் 100. இரண்டையும் முதலில் கூட்டிப் பின் சேர்த்தால் விடை 200. ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருக்கினால் 225. எது சரி? உரையில் விடையில்லை. 2013இல் வெளிவந்த நியூசிலாந்து நாட்டு ‘பாத் ஆஃப் எக்ஸைல்’ இச்சிக்கலை ஒரு சொல்லாட்சியால் தீர்த்தது. கூட்ட வேண்டியவற்றுக்கு ஆங்கிலத்தில் ‘இன்க்ரீஸ்டு’ என்னும் சொல். பெருக்க வேண்டியவற்றுக்கு ‘மோர்’ என்னும் சொல். அகராதியில் நெருங்கிய பொருளுடைய இரு சொற்களை விளையாட்டு முழுவதும் மாறாமல் இரு பொருளில் ஆண்டார்கள். புதியவர் முதலில் இடறுவர். ஒருமுறை அறிந்தபின் எந்தத் திறனுரையையும் ஐயமின்றிப் படிப்பர். 2023இல் வந்த ‘டயப்லோ’ நான்காம் பகுதி இன்னும் எளிதாக, பெருக்க வேண்டிய எண்ணுக்கு அருகே பெருக்கற்குறியையும் கூட்ட வேண்டியதற்குக் கூட்டற்குறியையும் இட்டுக் காட்டியது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில், 2002இல் ஜப்பானில் வெளிவந்த ‘ஃபயர் எம்ப்ளம்’ பகுதி ஒன்று நிற்கிறது. குறி தப்பாமல் படும் வாய்ப்பு 90 விழுக்காடு என்று திரை காட்டும். நிரலோ இரண்டு எண்களைக் குலுக்கி அவற்றின் சராசரியைப் பார்க்கும். அதனால் உண்மை வாய்ப்பு ஏறத்தாழ 98. திரையில் 10 என்றால் உண்மையில் 2 அளவே. பின்வந்த பகுதிகள் பலவும் இம்முறையைப் பின்பற்றின. மனிதர் 90 என்பதைக் கிட்டத்தட்ட உறுதி என்றே மனத்தில் கொள்வதால், அவர்தம் உணர்வுக்கு ஏற்ப எண்ணை வளைத்தனர் என்று இதைப் போற்றுவோர் உண்டு. ஆடுவதற்கு இனிமையாக இருக்கிறது என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் அது அன்பினால் சொன்ன பொய்யே.

தெளிவின்மையே அழகு என்று வாதிடுவோர் ‘டார்க் சோல்ஸ்’ விளையாட்டைக் காட்டுவர். அவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. 2011இல் வெளிவந்த அவ்விளையாட்டில் உலகின் வரலாறு பொருள்களின் குறிப்புகளில் சிதறிக் கிடக்கிறது. அவற்றைப் பொறுக்கிக் கோத்துக் கதையை உய்த்துணர்வதில் பேரின்பம் உண்டு. தொடக்கத்தில் ஆடுபவர் தேர்ந்துகொள்ளும் பரிசுகளுள் பதக்கம் ஒன்று. அதற்கு எப்பயனும் இல்லை என்று அதன் குறிப்பே கூறுகிறது. ஆயினும் விளையாட்டின் இயக்குநர் மியாசாகி ஹிதெதாகா, தாமாக இருந்தால் பதக்கத்தைத் தேர்வேன் என்று ஒரு நேர்காணலில் சொல்லிவைத்தார். உலகெங்கும் ஆடுவோர் அதன் மறைபொருளைத் தேடி அலைந்தனர். அது வேடிக்கைக்குச் சொன்னது என்று அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். குறிப்புகள் மறைத்தே பேசும் என்று பழகிப்போன வாசகர், உண்மையை எழுதியபோது நம்ப மறுத்ததை இங்கு நோக்க வேண்டும்.

காட்டை மறைத்து வைக்கலாம். கையிலிருக்கும் வாளை மறைப்பது வேறு. 2014இல் வந்த இரண்டாம் பகுதியில் இவ்வெல்லை மீறப்பட்டது. பகைவன் ஓங்கும்போது உருண்டு விலகினால் அவ்வுருளலின் இடையே ஒரு நொடிப்பொழுது அடி படாது. இந்நொடியின் அளவு முதற்பகுதியில் சுமக்கும் எடையைப் பொறுத்திருந்தது. இரண்டாம் பகுதியில் ‘தகவமைவு’ என்னும் புதிய பண்பை உயர்த்தினால் ‘சுறுசுறுப்பு’ என்னும் எண் உயரும். அவ்வெண் உயர்ந்தால்தான் அந்நொடி நீளும். திரையின் குறிப்போ விலகுதல் முதலியன எளிதாகும் என்ற அளவில் பொதுப்பட நின்றுவிட்டது. முதற்பகுதியில் தேர்ந்தவர்களே, சரியான நேரத்தில் உருண்டும் அடிபட்டு வீழ்ந்து, தம் கை தளர்ந்துவிட்டதோ என்று ஐயுற்றனர். இதில் என்ன மறைபொருள் இன்பம்?

இக்குறைகளையெல்லாம் நிறைவு செய்பவர்கள் ஆடுவோரே. அவர்கள் நிரலைப் பிரித்துப் பார்க்கின்றனர். ஒரே திறனை நூறு முறை ஏவி விளைவைப் பட்டியலிடுகின்றனர். ‘பட்டால்’ என்பதற்கும் ‘பயன்படுத்தினால்’ என்பதற்கும் வேறுபாடு கண்டு எழுதி வைக்கின்றனர். நன்னூலுக்கு மயிலைநாதரும் சங்கர நமச்சிவாயரும் உரை வரைந்ததைப் போன்ற பணி இது. ஊதியமில்லை, பெயரும் பெரும்பாலும் நிலைப்பதில்லை. அவர்களை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் பவணந்தியார் நூல் செய்து நெடுங்காலம் கழிந்தபின் தோன்றிய ஐயங்களுக்கே பிற்காலத்தார் உரை பெரிதும் வேண்டியதாயிற்று. நேற்று விற்ற பொருளுக்கு இன்று உரையாசிரியர் தேவைப்படுவது நூலாசிரியரின் சோம்பலையே காட்டுகிறது.

அட்டை விளையாட்டுத் துறையினர் இதை முன்பே உணர்ந்தனர். ரிச்சர்டு கார்ஃபீல்டு வகுத்து 1993இல் வெளிவந்த ‘மேஜிக்: த கேதரிங்’ விளையாட்டில் விதி அட்டையிலேயே அச்சிடப்பட்டிருக்கும், நடுவராக நிற்கக் கணிப்பொறி இல்லை. தொடக்க அட்டைகளின் நடை கண்டபடி இருந்தது. சண்டைகள் மலிந்தன. 1999இல் ஆறாம் பதிப்போடு விதிகளைத் திருத்தி அமைத்தனர். இன்று ஒரே செயலை ஒரே தொடரால்தான் எழுதுவர். ஓர் அட்டை ‘செய்யலாம்’ என்றும் மற்றொன்று ‘செய்ய இயலாது’ என்றும் கூறினால், இயலாது என்பதே வெல்லும் என்று விதியுண்டு. அட்டையில் இரண்டு வரி. ஐயம் எழுந்தால் பார்க்க விரிவான விதிநூல் ஒன்று, இருநூறு பக்கங்களைக் கடந்தது. நூற்பா வேறு, விருத்தியுரை வேறு என்று பிரித்து இரண்டையும் ஆக்கியோரே தந்துவிட்டனர். திரையில் இதைச் செய்வது தாளில் செய்வதினும் எளிது. சுருக்கம் மேலே நிற்கட்டும். ஒரு பொத்தானை அழுத்தினால் விரிவு வரட்டும். கதை வரி தனியே ஒதுங்கி நிற்கட்டும்.

இவ்விளையாட்டு பதின்மூன்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் கிடைக்கிறது, தமிழில் இல்லை. நம் இளைஞர் ஆங்கிலத்தில் படித்தே ஆடுகின்றனர். கென்ஷினின் அந்த இரு திறனுரைகளைத் தமிழில் எழுதிப் பார்க்குமாறு மொழிபெயர்ப்புப் பயிலும் மாணவரிடம் கொடுத்தால் நல்ல பயிற்சியாக இருக்கும். சிங்சியூவுக்கு, “களத்தில் நிற்பவர் இயல்புத் தாக்குக்காக வாளை ஓங்கும்போது, அது பகைவர்மேல் பட்டாலும் படாவிட்டாலும், நீர்வாள்கள் பாயும்” எனலாம். பெய்டோவுக்கு, “இயல்புத் தாக்கு என்னும் வகையைச் சேர்ந்த சேதம் பகைவர்மேல் விளையும்போது மின்னல் பாயும்; பெருந்திறன் வகையைச் சேர்ந்த சேதத்துக்குப் பாயாது” எனலாம். இரண்டும் இரண்டு வரிக்கு மேல் போகவில்லை.